திருமுல்லைவாயில் ஸ்டேஷன்

சென்னை சென்ட்ரலிலிருந்து ஆவடி மார்க்கமாய் மேற்கே செல்லும் மின்சார வண்டி, அம்பத்தூரை விட்டதும் அடுத்தபடி நிற்குமிடம் திருமுல்லைவாயில். அதற்கப்பால் அண்ணனூர், அதற்கும் அப்பால் ஆவடி. புறநகர் வண்டிகளைத் தவிர வேறு வண்டி எதுவும் இங்கே நிற்பதில்லை. பெங்களூருக்கும் கோயமுத்தூருக்கும் மும்பைக்கும் போகும் வண்டிகள், பிரயாணிகள் பெயர்ப் பலகையை வாசித்து முடிப்பதற்குள் இந்த ஸ்டேஷனைக் கடந்து போய்விடுகின்றன. இவ்வளவு சிறிய ஸ்டேஷனைப் பற்றித் தலையங்கம் எழுதுவதா என்று நேயர்களில் சிலர் எண்ணக்கூடும். சென்ட்ரல் ஸ்டேஷனின் மணிக்கூண்டைப் பார்த்து ஒரு தேசத்தின் ரயில்வே யாருக்காக நடைபெறுகிறதென்று அறிய முடியாது என்பது நமது அபிப்பிராயம். அதை அறிய விரும்புவோர் திருமுல்லைவாயில் போன்ற இடத்தில் இறங்கிப் பார்க்க வேண்டும்.

வரும்படி குறைந்த ஸ்டேஷனுக்கு வசதியும் குறைவாகவே இருக்கலாமென்பது நியாயந்தானா என்பதே கேள்வி. ரயில்வே இலாகா 2017-ம் வருஷத்தில் ஸ்டேஷன்களைப் புதிய முறையில் வகுத்தது. புறநகர் ஸ்டேஷன்கள் ஒரு தனித் தொகுதி. அத்தொகுதிக்குள் மூன்று படிகள். வருஷ வருமானமும், அங்கிருந்து புறப்படும் பிரயாணிகளின் தொகையும் எந்த ஸ்டேஷன் எந்தப் படியென்பதை நிர்ணயிக்கின்றன. குடிநீர்க் குழாய் எத்தனை, கூரை எவ்வளவு நீளம், உட்காரும் பலகை எத்தனை, கழிப்பிடம் எத்தனை என்பவையெல்லாம் பெரும்பாலும் அப்படியைப் பார்த்தே தீர்மானமாகின்றன. காகிதத்தில் இது ஒழுங்கான ஏற்பாடாகவே தோன்றும். நடைமுறையில் விளைவது என்ன? வண்டிக்கு நெடுநேரம் காத்திருக்க வேண்டும், கழிப்பிடம் பூட்டிக் கிடக்கும், டிக்கட் ஜன்னல் முன்னே ஆள் இருப்பானோ மாட்டானோ என்று ஒரு முறை அனுபவப்பட்ட மனிதன் மறுநாள் பஸ்ஸுக்குப் போய்விடுகிறான். அவன் போனதால் ஸ்டேஷன் கணக்கில் ஒருவர் குறைகிறார். கணக்கு குறைந்ததால் படி உயர்வதில்லை. படி உயராததால் வசதி வருவதில்லை. பிறகு "இந்த ஸ்டேஷனை உபயோகிப்பார் இல்லை" என்று குறிப்பு எழுதப்படுகிறது. நோயாளிக்குக் கஞ்சியை நிறுத்திவிட்டு, அவன் இளைத்துப் போனதையே காரணங்காட்டி மருந்தையும் நிறுத்தும் வைத்தியத்துக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

அன்றியும், அந்தக் கணக்குத்தான் சரியான கணக்கா? புறப்படும் பிரயாணியை எண்ணுகிறார்கள். வந்து இறங்குகிறவனை அந்த ஸ்டேஷனின் பேரில் எண்ணுவதில்லை. சென்ட்ரலில் போகவர டிக்கட் வாங்கித் திருமுல்லைவாயிலுக்கு வந்து திரும்பும் ஒருவர், இரண்டு முறை இந்த ஸ்டேஷனின் நடைமேடையில் கால் வைத்தும், வரும்படி முழுவதும் சென்ட்ரலுக்கே சேருகிறது. ஆகையால், தன் ஊரார் வெளியே போவது குறைவாயும் வெளியூரார் தன்னிடம் வருவது அதிகமாயும் உள்ள ஊர் எப்பொழுதும் ஏழை ஸ்டேஷனாகவே எழுதப்படும். திருமுல்லைவாயில் அப்படிப்பட்ட ஊர்.

இது சுந்தரமூர்த்தி நாயனாரின் பதிகம் பெற்ற தலம் என்பதைச் சைவ அன்பர்கள் அறிவர். தொண்டைமான் யானைமீது வந்தபோது முல்லைக் கொடிகள் யானையின் காலைச் சுற்றிக்கொள்ள, அவன் வாளால் கொடியை வெட்ட, அந்த வாள் உள்ளிருந்த லிங்கத்தின்மேல் பட்டதென்பது தல புராணம். அந்த மாசிலாமணியீசுவரர் சந்நிதியில் நிற்கும் எருக்கந் தூண்களைக் காண வருவோர் பலர். (முல்லை வாயில் என்ற இந்த அழகிய பெயரின் 'வாயிலை' ரயில்வே ஆங்கிலப் பலகை 'வாயல்' ஆக்கி வைத்திருக்கிறது. தமிழர் ஆட்சி வந்து இத்தனை வருஷமாகியும் அதைத் திருத்த ஒருவருக்கும் தோன்றவில்லை. இது சிறு விஷயந்தான். எனினும் சொல்லாமல் விட மனமில்லை.)

பௌர்ணமியும் வெள்ளிக்கிழமையும் கூடிய நாளில் காலையில் மேலூர்த் திருவுடையம்மனையும், உச்சிப் பொழுதில் திருவொற்றியூர் வடிவுடையம்மனையும், மாலையில் திருமுல்லைவாயில் கொடியிடையம்மனையும் ஒரே நாளில் தரிசிப்பது இப்பக்கத்து ஸ்திரீகளிடையே நெடுங்கால வழக்கம். இந்த யாத்திரையை ரயில் வரைபடத்தில் வைத்துப் பாருங்கள். மேலூருக்கு மீஞ்சூர் ஸ்டேஷன். அங்கிருந்து கும்மிடிப்பூண்டி மார்க்கத்து வண்டியிலேயே திருவொற்றியூர். பிறகு பேசின் பிரிட்ஜில் மாறி மேற்கே திருமுல்லைவாயில். இந்த மூன்று கோயில்களையும் இணைக்கும் இருப்புப் பாதை ஏற்கெனவே போட்டுக் கிடக்கிறது. ஒரு முழ நீளங்கூடப் புதிதாய்ப் போட வேண்டியதில்லை. ஆனால் இணைப்பு வண்டிகளின் நேரத்தை இதற்கென்று ஒருவர் ஒழுங்கு செய்து அறிவித்தால், எத்தனை வயோதிகர் வெயிலில் மூன்று பஸ் மாறும் சிரமத்திலிருந்து தப்புவார்கள்! அப்படி வருகிறவர்கள் டிக்கட் வாங்கும் இடம் மீஞ்சூராகவோ வியாசர்பாடியாகவோ இருக்குமாதலால், திருமுல்லைவாயிலின் பற்றுவரவுப் புஸ்தகத்தில் அவர்கள் இல்லாதவர்களே.

பக்தர்களோடு விஷயம் முடிந்துவிடவில்லை. 1955-ம் வருஷம் ஜனவரி மாதம் ஆவடியில் காங்கிரஸ் மகாசபை கூடி, சோஷலிஸ மாதிரியான சமுதாயமே தேசத்தின் குறிக்கோள் என்று தீர்மானித்தது. காமராஜர் முதல் மந்திரியாயிருந்த காலம் அது. அதன் பிறகு இந்த இருப்புப் பாதையின் இருமருங்கிலும் தொழில் வளர்ந்தது. அதே வருஷத்தில் பெரம்பூரில் ரயில் பெட்டித் தொழிற்சாலை திறக்கப்பட்டது. ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை 1961-ல் ஏற்பட்டது. அம்பத்தூர்த் தொழிற்பேட்டை 1964-ல். திருமுல்லைவாயிலில் பெண்களுக்கென்றே ஒரு தொழிற்பேட்டை அமைக்கப்பட்டிருக்கிறது. வயலும் ஏரியுமாக இருந்த பிரதேசம் பட்டறையும் குடியிருப்பும் நெருங்கிய நகரமாயிற்று. திருமுல்லைவாயில் இன்று ஆவடி மாநகராட்சியைச் சேர்ந்த இடம். காலையில் வேலைக்குப் போய் இரவு ஒன்பது மணிக்குமேல் திரும்பும் ஆயிரக்கணக்கான தொழிலாளருக்கு ரயிலைத் தவிர வேறு மலிவான மார்க்கமில்லை. புறநகர் வண்டியில் குறைந்த கட்டணம் 5 ரூபாய். ஆயினும் 2021-ம் வருஷம் முதல் சாதாரணக் கட்டண பஸ்களில் பெண்களுக்கு டிக்கட் இல்லாப் பிரயாணம் அளிக்கப்பட்டு வருகிறது. அது நல்ல ஏற்பாடு. அதை நாம் ஆதரிக்கிறோம். அதன் பின் ரயில்வே செய்ய வேண்டியிருந்ததென்ன? பஸ் இலவசமாயிருக்கும்போது 5 ரூபாய் கொடுத்து ஒரு பெண் ரயிலுக்கு வர வேண்டுமானால், ரயில் அடிக்கடி வரவேண்டும், நேரத்துக்கு வரவேண்டும், வருமிடம் அச்சமின்றி இருக்க வேண்டும்.

அச்சம் என்று காரணத்தோடுதான் எழுதினோம். 2016-ம் வருஷம் ஜூன் 24-ந் தேதி காலையில் நுங்கம்பாக்கம் ஸ்டேஷன் நடைமேடையிலேயே, பிரயாணிகள் பார்த்துக்கொண்டிருக்க, வேலைக்குப் போகக் காத்திருந்த ஓர் இளம் பெண் வெட்டிக் கொல்லப்பட்டாள். அந்த ஸ்டேஷனில் கண்காணிப்புக் காமிரா இல்லையென்பது அதன் பிறகே ஊருக்குத் தெரிந்தது. நகரத்தின் நடுவில் ஜனங்கள் நிறைந்த ஸ்டேஷனின் நிலைமையே அதுவாயிருந்தால், இரவில் வண்டிக்குப் பத்துப் பேர் இறங்கும் ஸ்டேஷனில் பாதுகாப்பு அதைவிடக் குறைவாயிருப்பதா, அதிகமாயிருப்பதா? கூட்டமே ஒருவகைக் காவல். கூட்டமில்லாத இடத்துக்குத்தான் போலீஸும் வெளிச்சமும் முதலில் போக வேண்டும். வருமானப் படியின்படி பார்த்தாலோ அவ்விடத்துக்கு அவை கடைசியில் போகின்றன.

இனி, ரயில்வேயின் பக்கத்து நியாயத்தையும் கேட்போம். திருவள்ளூர், அரக்கோணம் பிரயாணிகள் தங்கள் வண்டி ஒவ்வொரு சிறு ஸ்டேஷனிலும் நின்று நின்று போவதை ஆக்ஷேபிக்கிறார்கள். தினம் நாலு மணி நேரம் வண்டியிலேயே கழிக்கும் அவர்களுடைய குறை வாஸ்தவமானது. அவர்களுக்காகச் சில விரைவு வண்டிகள் சிறு ஸ்டேஷன்களை விட்டுச் செல்வதை நாம் குற்றஞ் சொல்லவில்லை. ஆனால் நீராவி இஞ்சின் காலத்து வாதத்தை இன்றைக்கும் சொல்வது பொருந்தாது. 1856-ம் வருஷம் ஜூலை முதல் தேதி இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்குத் தென்னிந்தியாவின் முதல் ரயில் இந்த வழியாகத்தான் சென்றது. நீராவி வண்டியை நிறுத்தி மறுபடி வேகம் பிடிக்கச் செய்வது அந்நாளில் பெரும் வேலை. கரியும் தண்ணீரும் நேரமும் வீணாகும். ஆகவே ஸ்டேஷன்களைத் தூரத் தூர வைத்தார்கள். சென்ட்ரலுக்கும் திருவள்ளூருக்கும் இடையே 1979-ல் மின்சாரம் வந்தபின், ஒரு கிலோமீட்டர், இரண்டு கிலோமீட்டருக்கு ஒருமுறை நின்று புறப்படுவதற்கென்றே அமைந்த வண்டிகள் ஓடுகின்றன. நிற்பது அரை நிமிஷம். வேகம் தணிவதையும் பிடிப்பதையும் சேர்த்தாலும் ஏறக்குறைய இரண்டு நிமிஷத்துக்கு மேல் நஷ்டமில்லை. மேலும், பேசின் பிரிட்ஜ் முதல் ஆவடிக்கு அப்பால் வரை பாதைகள் நான்கு. விரைவு வண்டிக்கு ஒரு ஜோடி, நின்று செல்லும் வண்டிக்கு ஒரு ஜோடி. திருமுல்லைவாயிலில் ஒரு லோக்கல் வண்டி நிற்பதால் அரக்கோணத்துப் பிரயாணி ஆபீசுக்குத் தாமதமாக வேண்டிய அவசியமே இல்லை. இரண்டு ஊராரை ஒருவர்மேல் ஒருவரை ஏவி விட்டுவிட்டு, வண்டிகளின் தொகையைக் கூட்டாமலே காலங்கழிப்பது இலாகாவுக்குச் சௌகரியமாயிருக்கலாம். பிரயாணிகள் அதற்கு இடங்கொடுக்கலாகாது.

வண்டி வைத்துக்கொள்ள இடமில்லை என்பார்களோ? மின்சார வண்டிகளைக் கழுவிப் பழுது பார்க்கும் கொட்டகை அடுத்த ஸ்டேஷனான அண்ணனூரில்தான் இருக்கிறது. இந்தியா முழுவதற்கும் பெட்டி கட்டிக் கொடுக்கும் தொழிற்சாலையும் இதே மார்க்கத்துப் பெரம்பூரில். அங்கே கட்டிய வந்தே பாரத் வண்டி 2022-ம் வருஷம் நவம்பர் முதல் மைசூருக்குத் திருமுல்லைவாயில் வழியாகவே பாய்கிறது. 2025 ஏப்ரலில் கடற்கரை–செங்கல்பட்டு மார்க்கத்துக்குக் குளிர்சாதன லோக்கலும் வந்தது. பெட்டி உண்டாகுமிடமும் உறங்குமிடமும் தங்கள் பக்கத்திலேயே இருக்க, ஞாயிற்றுக்கிழமை அட்டவணை என்ற பேரில் வண்டிகளைக் குறைத்துவிடுவது ஏனென்று இவ்வூரார் கேட்டால் என்ன பதில்? ஞாயிற்றுக்கிழமை ஆபீஸ் இல்லையென்பது குமாஸ்தாவின் கணக்கு. கடைச் சிப்பந்திக்கும், ஆஸ்பத்திரித் தாதிக்கும், ஓட்டல் தொழிலாளிக்கும், கோயிலுக்கு வருகிறவருக்கும் ஞாயிறே வேலை நாள்.

எல்லாவற்றிலும் முக்கியமான விஷயம், தண்டவாளத்தைக் கடப்பது. ரயில் பாதை ஊரை இரண்டாய்ப் பிளந்து செல்கிற இடங்களிலெல்லாம் ஜனங்கள் குறுக்கே கடக்கிறார்கள். கடப்பது தவறு, அதில் சந்தேகமில்லை. 1989-ம் வருஷத்து ரயில்வேச் சட்டம் 147-வது பிரிவின்படி அது குற்றம். ஆறு மாதம் வரை சிறையோ, ஆயிரம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். ஆனால் சட்டம் அந்த ஒரு பிரிவோடு முடியவில்லை. பாதை போட்டதால் நிலத்தின் உபயோகத்துக்கு ஏற்படும் தடங்கலை நீக்க, கடவு, பாலம், சுரங்க வழி முதலியவற்றை ரயில்வே நிர்வாகம் அமைத்துக் கொடுக்க வேண்டுமென்று 16-வது பிரிவு கூறுகிறது. குற்றத்தைச் சொல்லும் பிரிவு ஸ்டேஷன்தோறும் பலகையில் எழுதப்பட்டிருக்கிறது. கடமையைச் சொல்லும் பிரிவை எந்தப் பலகையிலும் நாம் பார்த்ததில்லை.

இங்கே ஒரு சட்ட நுட்பம் உண்டு. பழைய 1890-ம் வருஷத்துச் சட்டத்தின்படி, ஒரு பாதை போக்குவரத்துக்குத் திறந்து பத்து வருஷமான பிறகு, சர்க்கார் கேட்டாலன்றி, மேற்கொண்டு இத்தகைய வேலைகளின் செலவை ஏற்கும்படி ரயில்வேயைக் கட்டாயப்படுத்த முடியாது. இந்தப் பாதை திறந்தது 1856-ல். ஆக, திருமுல்லைவாயிலாரின் உரிமைக்கு 1866-லேயே காலாவதி ஆகிவிட்டது என்று வாதிக்கலாம்! அன்றைக்கு இங்கே எதிர் எதிர்ப் பக்கம் வீடு ஏது, பள்ளிக்கூடம் ஏது? வீடுகள் வந்தது நூறு வருஷத்துக்குப் பிறகு. ஆகவே சட்டத்தின் சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு ஜனங்கள் ஜயிக்க முடியாது. சர்க்கார் கேட்டாக வேண்டும். ரயில்வே கேட்டை எடுத்துவிட்டு மேம்பாலம் கட்டும் வேலைகளில் ரயில்வேயும் ராஜ்ய சர்க்காரும் செலவைப் பாதிப் பாதியாய் ஏற்பது வழக்கத்திலிருப்பதே. அதே முறையில் நடப்பவர்களுக்கான சுரங்க வழிகளுக்கும் தமிழ்நாடு சர்க்கார் தன் பங்கை எடுத்து வைத்துவிட்டு ரயில்வேயைக் கேட்கட்டும். மின்சார வண்டி ஓசையின்றி வரும். ஒரு பாதையில் போகும் வண்டியின் சத்தத்தில் அடுத்த பாதையில் வருவது காதில் விழாது. நான்கு பாதைகளைக் கடக்கும் பள்ளிப் பிள்ளைக்கு 147-வது பிரிவு பாதுகாப்பாகாது.

பணத்துக்கு எங்கே போவது என்ற பல்லவியை நாம் அறிவோம். புறநகர் வண்டிகளால் நஷ்டமென்றும், சரக்கு வண்டியின் லாபத்தில்தான் அவை ஓடுகின்றனவென்றும் இலாகா சொல்கிறது. அது உண்மையே. ஆனால் இந்த இருப்புப் பாதையின் பூர்வ கதை என்ன? முதலில் இதைப் போட்ட மதராஸ் ரயில்வே கம்பெனியின் ஆங்கிலப் பங்குதாரருக்கு ஏறக்குறைய நூற்றுக்கு ஐந்து வட்டி உத்தரவாதம் செய்யப்பட்டிருந்தது. வரும்படி போதாத வருஷங்களில் அந்தக் குறையை இந்தியக் குடியானவன் கொடுத்த வரியிலிருந்து நிரப்பினார்கள். 1908-ல் அந்தக் கம்பெனியின் பாதைகள் வேறு நிர்வாகத்தில் சேர்க்கப்படும் வரையில் அரை நூற்றாண்டுக் காலம் நஷ்டம் நம்முடையது, லாபம் லண்டனுடையது. தாதாபாய் நௌரோஜி முதலிய முன்னோர் இதையெல்லாம் கணக்கிட்டுக் காட்டிக் கண்டித்தனர். அன்று அந்நியருக்காக நஷ்டப்பட்ட கஜானா, இன்று சொந்த ஜனங்களுக்காகச் சிறிது நஷ்டப்படுவதைப் பெரும் பாவமாய்ப் பேசலாமா? மகாத்மா காந்தி 1917-ம் வருஷம் செப்டம்பரில் ராஞ்சியிலிருந்து மூன்றாம் வகுப்புப் பிரயாணத்தைப் பற்றி எழுதியபோது, முதல் வகுப்புக்கும் மூன்றாம் வகுப்புக்கும் உள்ள கட்டண வித்தியாசத்தைவிடச் சௌகரிய வித்தியாசம் பன்மடங்கு பெரிதென்பதை எடுத்துக் காட்டினார். மூன்றாம் வகுப்பு 1974-ல் எடுபட்டுவிட்டது. மூன்றாம் வகுப்பு ஸ்டேஷன் எடுபடவில்லை.

கோயம்பேட்டிலிருந்து ஆவடி வழியாகப் பட்டாபிராம் வரை சுமார் 22 கிலோமீட்டருக்கு மெட்ரோ ரயில் போடத் திட்ட அறிக்கை தயாரிக்கப்பட்டிருக்கிறது. மதிப்பு ஒன்பதாயிரம் கோடி ரூபாய்க்கு மேல். அது வரட்டும், வேண்டாமென்று நாம் சொல்லமாட்டோம். ஆனால் அது வந்து சேர எத்தனை வருஷம் ஆகுமோ! அந்தத் தொகையில் ஒரு சிறு துணுக்கைச் செலவிட்டால், இன்றைக்கே உள்ள பாதையில் நடைமேடைக்குக் கூரையும், இரவு முழுதும் விளக்கும், ஆள் உள்ள டிக்கட் ஜன்னலும், பூட்டப்படாத கழிப்பிடமும், பாதையைக் கடக்கச் சுரங்க வழியும் ஏற்படுத்திவிடலாம். பஸ், மெட்ரோ, புறநகர் ரயில் மூன்றுக்கும் ஒரே டிக்கட் தரும் ஏற்பாடு 2025 செப்டம்பரில் கைபேசி மூலம் ஆரம்பமாயிற்று. டிக்கட்டை ஒன்றாக்கியவர்கள், ஸ்டேஷன் வாசலில் இறங்குகிறவருக்குக் கோயிலுக்கும் தொழிற்பேட்டைக்கும் போக ஒரு சிறிய பஸ்ஸையும் நிறுத்தினால்தான் அந்த ஒற்றுமைக்கு அர்த்தமுண்டு.

அதிகாரிகளிடம் போகுமுன் இவ்வூர்ச் சங்கத்தாருக்கும் ஊழியர்களுக்கும் ஒரு வார்த்தை. மகஜர்கள் பல போயிருக்கும். அவற்றுக்குப் "பரிசீலனையில் உள்ளது" என்ற பதிலும் வந்திருக்கும். இம்முறை மகஜரோடு ஒரு கணக்கும் போகட்டும். ஏழு நாள், முதல் வண்டி முதல் கடைசி வண்டி வரை, முறை போட்டுக்கொண்டு நடைமேடையில் நின்று, ஏறுகிறவர் எத்தனை, இறங்குகிறவர் எத்தனை, அவர்களில் பெண்கள் எத்தனை, தண்டவாளத்தைக் குறுக்கே கடந்தவர் எத்தனை என்று நோட்டுப் புஸ்தகத்தில் குறியுங்கள். அந்த ஏழு நாளில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இருக்கட்டும். கூடுமானால் பௌர்ணமியோடு கூடிய ஒரு வெள்ளிக்கிழமையும் இருக்கட்டும். அதைச் சென்னைக் கோட்ட ரயில்வே மானேஜருக்கும், கோட்டத்து ரயில் உபயோகிப்போர் ஆலோசனைக் கமிட்டிக்கும், தொகுதியின் பார்லிமெண்டு அங்கத்தினருக்கும் அனுப்பி, டிக்கட் விற்ற கணக்கோடு ஒத்துப் பார்க்கும்படி கேளுங்கள். அதில் ஒரு பிரதி நமக்கும் வரட்டும். இப்பத்திரிகையில் அதை வரி விடாமல் பிரசுரிப்போம். பதில் வராவிட்டால், பதில் வரும்வரை மாதந்தோறும் மறுபடியும் பிரசுரிப்போம்.